பார்த்தவர் கை காட்ட வேண்டும்

பர்ண்ட் பைன், நார்ஃபோக் தீவு
ஏப்ரல் 14, 2019

நண்டுக்குட்டிக்கு,

எவரும் நம்ப முடியாத ஒரு கதையை இக்கடிதத்தில் உனக்கு அளிப்பதாக இதனால் உறுதி கூறுகிறேன். வலது கையைப் பைன் மரத்தின் மீதும் இடது கையை என் பசு மகாராணியின் முதுகின் மீதும் வைத்துச் சத்தியம் செய்த பிறகே பேனாவைத் தொட்டேன். இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம் என்பதால் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. இதில் ஒரு சொல்லையாவது நீ நம்பினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

முதலில் ஒரு முறையீடு. போன வாரம் நீ அனுப்பிய மின்னஞ்சலில் மழையை விசாரித்தாய், உன் அம்மாவின் கொய்யா மரத்தை விசாரித்தாய். அப்புறம் போகிற போக்கில், "தொண்டை இப்போ எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாய்.

தொண்டையா? தொண்டையைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லையே. என் சொந்த அக்காவான உன் அம்மாவிடம்கூட. தீவில் அது தெரிந்த ஒரே ஜந்து என் மேசைமேல் உட்கார்ந்திருக்கும் கணினி. யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று மோப்பம் பிடித்து விளம்பரக்காரர்களுக்கு விற்கிற கம்பெனியில்தான் நீ பிரிஸ்பேனில் வேலை பார்க்கிறாய் என்பது இதுநாள்வரை எனக்கு வெறும் செய்தி. இப்போது அது என் வீட்டுக்குள் செருப்போடு நடந்து வந்திருக்கிறது.

நடந்தது இதுதான். மகாராணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் கிங்ஸ்டன் துறையில் நின்று குரல் கொடுத்தால் எதிரே பிலிப் தீவில் பறவைகள் முட்டையிட மறந்துபோன காலம் ஒன்று இருந்தது. இப்போது இரண்டு மாதமாகக் கரகரவென்று காற்றுதான் வருகிறது. மகாராணி பயந்துவிட்டாள். பயந்த பசு என்ன செய்யும்? கணினியில் தேடும். குளம்பு பெரிது, எழுத்துகள் சிறியவை என்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அவ்வளவுதான் எனக்கும் இந்த விவகாரத்துக்கும் உள்ள தொடர்பு.

அன்று தொடங்கியது வேட்டை. கடலின் ஏற்ற இறக்கம் பார்க்கப் போனால் ஓரத்தில் ஒரு தொண்டை மருத்துவர் பல்லைக் காட்டுகிறார். தூண்டில் விலை பார்த்தால் வெள்ளைக் கோட்டுப் பெண்ணொருத்தி, கரகரப்பு நீடிக்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். மூன்றாம் நாள் அவர்கள் திரையை விட்டு இறங்கிச் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் என் வாழைப்பழ உருண்டையை எடுத்துத் தின்றுவிட்டு, உப்பு குறைவு என்றார். நம் ஊர் இணையமோ வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவது. அந்தச் சொட்டுகளையும் இவர்களே வரிசையில் நின்று குடித்துத் தீர்த்தார்கள்.

அரைத்தூக்கத்திடம் ஓடினேன். தீவின் கணினிகளுக்கெல்லாம் அவன்தானே வைத்தியன். கண்ணைத் திறக்காமலே மருந்து சொன்னான்.

"பீரங்கி, உன் கணினிக்குள்ள ஒரு குட்டி டெலிபோன் புத்தகம் இருக்கு. ஹோஸ்ட்ஸ்னு பேரு. எந்தப் பேரைக் கூப்பிடணும்னாலும் வெளிய விசாரிக்கறதுக்கு முன்னாடி அது அதைத்தான் புரட்டும். வேவுக்காரன் பேருக்கு நேரா நாலு சுழியம் போட்டு வச்சிடு. இல்லாத வீட்டைப் போய்த் தட்டிட்டுச் சும்மா இருந்துடும்."

தொலைபேசிப் புத்தகம் என்ற பிறகு நம் தீவுக்காரனுக்கு விளக்கம் எதற்கு? கணினியின் எசமான் நான்தான் என்று இரண்டு முறை அதற்கு உறுதிமொழி கொடுத்துவிட்டு அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். நம் ஊர்ப் புத்தகத்தில் எல்லாரும் பட்டப்பெயரில்தானே இருக்கிறோம், அப்படியே எழுதினேன்: 'கோட்டுக்காரி', 'பல்லிளிப்பு', 'உப்புக் குறைவு'. ஒவ்வொருவருக்கும் நேரே நான்கு சுழியம், மணிமணியான எழுத்தில். மறுநாள் காலை மூவரும் வழக்கம்போல் வந்தார்கள். அரைத்தூக்கம் இதைக் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தான். அவன் கண்ணின் நிறம் தீவுக்கு அன்றுதான் தெரிந்தது. "வெளியூர்க்காரனுக்கு ஏதுப்பா பட்டப்பேரு? நிஜப் பேரு போடணும்" என்றான். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத நல்லவர்கள் வேலை மெனக்கெட்டுத் திரட்டிவைத்த பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து ஊற்றினான். விளம்பரக்காரர், வேவுக்காரர், கிருமி பரப்புபவர் எல்லாம் அதில் இருந்தார்கள். அச்சடித்தால் தீவைச் சுற்றிக் கட்டிவிட்டு மிச்சத்தில் ஒரு பாய்மரம் தைக்கலாம்.

அமைதி வந்தது. கடல் ஏற்ற இறக்கம் ஒரு நொடியில் திறந்தது.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. அதை எல்லாருக்கும் மேலே, என் கையாலேயே சேர்த்தேன். உன் கம்பெனியின் பெயர்.

இனி நமக்குள் காகிதம் மட்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: மகாராணி நலம். அடிக்கடி விசாரிக்க வேண்டாம்.

*

பிரிஸ்பேன்
ஏப்ரல் 26, 2019

மாமாவுக்கு,

பசு கணினியில் தேடியதை நம்புகிறேன். நீங்கள் சொல்லி நான் நம்பாதது எது?

மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு கணினியும் அதில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் என்று யாருக்கும் தெரியாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு நானும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். சிட்னிக்கு அது உண்மையாக இருக்கலாம். நம் தீவுக்கு எப்படி உண்மையாகும்? கிங்ஸ்டன் அலையைப் பார்த்துவிட்டு, நம் முன்னோர் விட்டுவந்த பிட்கெய்ர்னில் மழையா என்று பார்த்துவிட்டு, பசுவுக்குப் பொய் சொல்லத் தெரியுமா என்று தேடுகிற புள்ளி வேறு யாராக இருக்க முடியும்?

நான் முதலில் தேடிப் போனது உங்களை அல்ல. இங்கு வந்த புதிதில், சாப்பாட்டு இடைவேளையில், வரைபடத்தைக் கடலுக்கு நடுவே இழுத்துவைத்துக்கொண்டு சும்மா பார்ப்பேன். தெருவில் போகும்போது நம் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்போமே, அப்படி. கூட வேலை செய்பவர்கள் கேட்டால், வேகம் சரிபார்க்கிறேன் என்பேன். விடிந்தால் உங்கள் புள்ளி எரியும். நானும் காப்பி போடப் போவேன்.

பிப்ரவரியில் அந்தப் புள்ளி கரகரப்பு என்று தேடியது. பிறகு கட்டி என்று தேடியது. பிறகு, போன குரல் திரும்பி வருமா என்று தேடியது. அதையே மறுநாளும் தேடியது. நான் எத்தனையோ மின்னஞ்சல் எழுதி அழித்தேன். கடைசியில் கொய்யா மரத்துக்குப் பின்னால் ஒளித்துக் கேட்டேன்.

நீங்கள் கோபப்படுங்கள். ஆனால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். பள்ளிக்கூட வேலியில் ஏறி விழுந்து நான் முட்டியை உடைத்துக்கொண்ட அன்று, வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்குச் செய்தி போயிருந்தது. அடுத்த வீட்டிலிருந்து கட்டுத்துணி, எதிர்வீட்டிலிருந்து சூப். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் முதல் காதல் எனக்கே உறுதியாகும் முன்னால் காப்பிக்கடையில் முடிவு செய்யப்பட்டுவிட்டது. அதற்கெல்லாம் பெயர் அக்கறை. நான் பார்த்ததற்கு மட்டும் பெயர் வேவா?

எனக்கும் கோபம் இருக்கிறது. ஓர் இயந்திரத்திடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?

உங்கள் புள்ளி அணைந்துவிட்டது. இந்த வாரம் பக்கத்தில் இன்னும் சில அணைந்திருக்கின்றன.

கார்லீன்

*

பர்ண்ட் பைன்
மே 8, 2019

நண்டுக்குட்டிக்கு,

கையெழுத்தில் கார்லீன் என்று போட்டிருக்கிறாய். யாரோ வங்கி அதிகாரி எழுதியதோ என்று உறையை மறுபடி பார்த்தேன்.

புள்ளிகள் அணைந்ததற்குக் காரணம் நானல்ல, என் புகழ். அரைத்தூக்கம் அந்தப் பட்டியலைக் கணினியில் செருகுகிற ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றிக் கொடுத்தான். அது மாவுக் கிண்ணம் மாதிரி வீடு வீடாகச் சுற்றுகிறது. பாதிரியார் வாங்கிப்போனார். மளிகைக்கடை ஈரக்கோழி வாங்கிப்போனான். அவன் கணினி திறந்த வேகத்தில் கடைக் கூரையின் இரண்டு தகடுகள் பறந்து கேஸ்கேட் துறையில் போய் விழுந்தன. உன் அம்மாவும் போட்டுக்கொண்டாள். அவளுக்கு விளம்பரம் வராததுதான் குறை. "முந்தியெல்லாம் யாராச்சும் வந்து ஏதாச்சும் வேணுமான்னு கேப்பாங்க" என்கிறாள்.

சரி, உன் கேள்வி. நியாயமான கேள்விதான். மூன்று நாள் யோசித்ததில் தொப்பிக்குள்ளிருந்து புகை வந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் பெருநிலத்திலிருந்து வந்து, மேட்டில் வீடு வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? தெருவில் யார் எதிரே வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்குவது நம் வழக்கம். அவர் தூக்க மாட்டார். நம்மை நன்றாகப் பார்ப்பார். யார் யாரோடு போகிறார்கள், வண்டியில் என்ன இருக்கிறது எல்லாம் பார்ப்பார். கைகள் மட்டும் ஸ்டியரிங்கில் ஒட்டியிருக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை. தீவின் மாடுகள்தான் கூடிப் பேசி, அவர் வண்டிக்கு முன்னால் வரிசையாகப் படுத்தன. தெருவில் மாட்டுக்குத்தானே முதல் உரிமை? மனிதர் கிறிஸ்துமஸ்வரை அங்கேயே இருந்தார். தாடி வளர்ந்து, அதில் கடற்பறவை கூடு கட்டியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கையைத் தூக்கினார். மாடுகள் எழுந்துகொண்டன.

முட்டி உடைந்த அன்று சூப் கொடுத்தவள் உன்னைப் பார்த்தாள். நீயும் அவளைப் பார்த்தாய். அவள் புருஷன் எந்த நாளில் குடிப்பான் என்று உனக்கும் தெரியும். நான் உன்னைப் பார்த்தேன், நீயும் என்னைப் பார்த்துக்கொள் என்பதுதான் அந்த ஒற்றை விரல். ஒருவன் கடனும் மற்றவன் மேல் நிற்பதில்லை. உன் வரைபடத்தில் இரண்டு வருஷமாக நான் தினம் எதிரே வந்துகொண்டிருந்திருக்கிறேன். நீ பார்த்தாய். உன் காப்பி எனக்குத் தெரியவில்லை, உன் ஜன்னல் தெரியவில்லை, நீ தனியாகச் சாப்பிடுகிறாயா என்பதும் தெரியவில்லை. ஒரு விரல் தூக்கியிருந்தால், "மாமா, நான் இங்கிருந்து உங்களப் பாக்கறேன்"னு ஒரு வரி எழுதியிருந்தால், நான் உனக்காகவே தினம் வேடிக்கையாக எதையாவது தேடிவைத்திருப்பேனே.

உன் இன்னொரு கேள்வியை மகாராணியிடம் கேட்டேன். அவள் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் விஷயமாக ஒரு சின்ன உதவி. இங்குள்ள ஆஸ்பத்திரி டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, பிரிஸ்பேனில் ஒரு தொண்டை நிபுணர் பெயரை எழுதிக்கொடுத்தார். அவர்கள் கணினி வழியாகத்தான் பதிய வேண்டுமாம். பக்கம் திறக்கிறது. படிவம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம், காலியாக. அரைத்தூக்கம் பார்த்துவிட்டு, பட்டியலில் ஏதோ ஒரு வரிதான் தடுக்கிறது, அதற்கு முன்னால் வேலி மாதிரி ஒரு குறி போட்டால் கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும் என்கிறான். எந்த வரி என்று அவனுக்குத் தெரியவில்லை. நிபுணரின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த வரி என்று உனக்குத் தெரியும் என்றும் அவன்தான் சொன்னான்.

நம் முன்னோர் இந்தத் தீவில் வந்திறங்கியதைக் கொண்டாடும் பௌண்டி நாள் வருகிறது. படகுகள் கரையேறும்போது துறையில் நின்று கூப்பிட வேண்டியவர் இந்த வருஷம் என்ன செய்யப் போகிறார் என்று பசுக்கள் பேசிக்கொள்கின்றன.

மாமா

*

பிரிஸ்பேன்
மே 17, 2019

மாமாவுக்கு,

அந்த வரி நீங்கள் உங்கள் கையால் சேர்த்த வரி.

அந்த ஆஸ்பத்திரியின் படிவம் எங்கள் கம்பெனி வழியாகத்தான் வருகிறது. யார் எந்த நோய்க்குப் பதிகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்த பிறகுதான் டாக்டருக்கே தெரியும். இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், இதை ஒரு நோயாளியின் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்தது இந்த வாரம்தான்.

வேலிக் குறி போட்டால் படிவம் வந்துவிடும். உங்கள் புள்ளியும் வந்துவிடும். ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன் மாமா. போடச் சொல்லி எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போடாதீர்கள்.

அதற்குப் பதில் நானே நடந்து போனேன். அலுவலகத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அந்த ஆஸ்பத்திரி. முன்மேசையில் இருந்த பெண்மணி நோயாளியின் பெயரைக் கேட்டார். பீரங்கி என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நிஜப் பேரு சொல்லும்மா."

சத்தியமாக எனக்கு ஞாபகம் வரவில்லை. கோட்டுக்காரி, பல்லிளிப்பு என்று எழுதிய உங்களைப் பார்த்துச் சிரித்த பாவம். அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்: எல்வின் நாப்ஸ். யாருக்கு, என்ன என்று அவர் கேட்கவே இல்லை.

முன்மேசைப் பெண்மணி என்ன தொந்தரவு என்று கேட்டார். சொல்ல வேண்டிய மருத்துவச் சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும்; நீங்கள் தேடிய எல்லாவற்றையும் நானும் படித்திருக்கிறேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "அவரால கத்த முடியல" என்றேன். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

ஜூன் ஆறாம் தேதி, காலை. எட்டாம் தேதி பௌண்டி நாளுக்கு நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம் தீவை எனக்குத் தெரியாமல் மறைத்துவிடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். ஏன் என்றார். அங்கே இருக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியும் என்றேன். "பேரே இல்லையே, எப்படித் தெரியும்?" என்றார். சொன்னேன். மறைத்துவிட்டார். என் கண்ணுக்கு மட்டும்தான். வரைபடம் அப்படியேதான் இருக்கிறது. வேலையை விடவில்லை. வாடகை இருக்கிறது. வேறு இடங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அங்கே யாருடைய விளக்கு எரிகிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இதைப் படித்தீர்களா என்பதும் தெரியாது. வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்: காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்கல் சுவர். ஆமாம், தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

நண்டு

*

பர்ண்ட் பைன்
மே 29, 2019

என் நண்டுக்குட்டிக்கு,

வருகிறேன்.

ஒரு வரிதான் கேட்டாய். ஆனால் ஒரு வரியோடு நிறுத்தினால் என் பட்டப்பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

கணினியின் எல்லாக் கதவையும் சாத்தி, ஆயிரமாயிரம் வேவுக்காரர்களை இல்லாத வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் ரகசியத்தோடு நான் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன் இல்லையா? நேற்று உன் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, ஒரு விஷயம்" என்பதற்குள் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். என் துணிகள் மடித்து, கம்பளிச் சட்டை மேலாக வைத்து, தயாராக இருந்தது. ஈஸ்டருக்கே கட்டிவிட்டாளாம்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"நீ கடையில கதை சொல்லாம சாமான் மட்டும் வாங்கிட்டு வந்தியே, அன்னிக்கே தெரியும்டா" என்றாள்.

அவளுக்கு மட்டுமல்ல. ஈரக்கோழிக்குத் தெரியும். பாதிரியாருக்குத் தெரியும். இரண்டு மாதமாக என் வாசலில் யாரோ தேன் பாட்டில் வைத்துவிட்டுப் போவதை, தேனீக்கள் நேரடி விற்பனையில் இறங்கிவிட்டன என்று நினைத்திருந்தேன். தெருவில் எதிரே வந்தவர்களெல்லாம் கொஞ்ச நாளாக ஒரு விரலுக்குப் பதில் முழுக் கையையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான்தான் பார்க்கவில்லை, கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு கறுப்புக் கண்ணாடிக்காரர் மாதிரி போய்க்கொண்டிருந்தேன்.

பௌண்டி நாளில் துறையில் நின்று கூப்பிடப்போவது அரைத்தூக்கம். என்னைக் கேட்காமலே முடிவாகிவிட்டது. நேற்று ஒத்திகை பார்த்தோம். அவன் கொட்டாவி விட்டதை உத்தரவு என்று நினைத்து ஒரு படகு நியூசிலாந்துப் பக்கம் கிளம்பிவிட்டது. இன்னும் தேடுகிறார்கள்.

உன் கேள்விக்கு மகாராணி கடைசியில் பதில் சொன்னாள். மனிதரிடம் சொன்னால் அது நிஜமாகிவிடுமாம். இயந்திரத்திடம் சொன்னால் யாரிடமும் சொல்லாத மாதிரியே இருக்குமாம். அவளுக்கு அவ்வளவு அறிவுதான்.

உன் கம்பெனியின் வரி பட்டியலின் தலையில் அப்படியே இருக்கிறது. எடுக்கப்போவதில்லை. ஆனால் ஊருக்குப் போகும் முன் வீட்டு ஜன்னல் திரையை விலக்கிக் கட்டிவைத்திருக்கிறேன். நான் திரும்பி வந்ததும் விளக்கு எரிகிறதா என்று உன் அம்மா தினம் பார்த்து உனக்கு எழுதுவாள். நீ அவளுக்கு அந்தச் செங்கல் சுவரைப் பற்றி எழுது.

பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் நிற்பார்களாமே. கூப்பிட்டு உன்னைக் கண்டுபிடிக்க என்னால் முடியாது. ஆகவே நீ முதலில் கையைத் தூக்கு. நன்றாக மேலே தூக்கு. நான் தூக்கும்வரை இறக்காதே. டாக்டர் சொல்லப்போவதை இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

இத்தனை கடிதங்களில் நான் எழுதியவை எல்லாம், தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும் சொல்வேன், முழுப் புளுகு. கூரைத் தகடு எங்கும் பறக்கவில்லை. தாடியில் எந்தப் பறவையும் கூடு கட்டவில்லை. மகாராணிக்குத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. இதை எழுதும்போதுகூட வேலியோரம் நின்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டிருக்கிறாள். முதல் கடிதத்தில் எங்கோ நடுவில், பசு பயந்துவிட்டது என்று ஒரு சின்ன வரி எழுதியிருந்தேன். அந்தப் பயம் மட்டும் நிஜம்.

மாமா